கப்பல் வைக்கோல்

நம்ம வயசுக்காரர்களிடம் ஒரு கேள்வி. உங்கள் வீட்டிலும் ஓட்ஸ் கஞ்சி வந்துவிட்டதா? எங்கள் வீட்டில் வந்துவிட்டது. காலையில் மருமகள் ஒரு கிண்ணம் நிறைய வைத்து, மேலே உமி மாதிரி ஏதோ ஒன்றைத் தூவி, "நார்ச்சத்து மாமா, மிச்சம் வைக்கக் கூடாது" என்பாள். நானும் மறுபேச்சுப் பேசாமல் தலையைக் குனிந்து தின்பேன். பாதிக் கிண்ணத்திலேயே வயிற்றுக்குள் யாரோ செங்கல் அடுக்கிய மாதிரி ஆகிவிடும். மத்தியானம் அடுப்பில் வஞ்சிர மீன் குழம்பு கொதிக்கிற வாசனை வரும். வாய் ஊறும். வயிறு மட்டும் கதவைத் திறக்காது. எனக்குப் பசிக்கிறதா இல்லையா என்று எனக்கே தெரியாமல் நான் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் எங்கள் செவலை ஞாபகத்துக்கு வரும்.

செவலை என்பது மாடு. நான் என்னை மாட்டோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன் என்று சிரிக்காதீர்கள். பள்ளிக்கூடத்தில் வாத்தியாரே ஒப்பிட்டிருக்கிறார். அவர் எருமை என்றார், நான் கொஞ்சம் உயர்த்திக்கொண்டேன், அவ்வளவுதான்.

கொருக்குப்பேட்டையில் கூட்ஸ் யார்டு மதிலை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. எங்களுக்கு ஒரு அறை, செவலைக்கு ஒரு கொட்டகை. இரண்டில் காற்று வருவது கொட்டகையில்தான். செவலை அம்மாவின் மாடு. தன் கம்மலைக் கழற்றிக் கொடுத்து வாங்கியது. காலையும் மாலையும் அம்மாவே கறப்பாள். ரயில்வே கேட் பக்கத்து டீக்கடைக்குப் பாதி, சந்து வீடுகளுக்குப் பாதி. அந்தப் பால் அம்மாவின் தனி ராஜ்ஜியம், அதில் அப்பாவுக்கு ஓட்டு கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவர் தீனி வழியாக ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்.

அப்பா துறைமுகத்தில் பெட்டி உடைக்கிற கேங்கில் இருந்தார். மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்குக் கப்பலில் மிஷின் வரும். வீடு சைஸுக்கு மரப்பெட்டியில் வரும். உடைத்துப் பிரித்துக் கொடுப்பது இவர்கள் வேலை. கப்பலில் இறங்கியது எதுவும் நம்ம ஊர்ச் சாமானைவிட உசத்தி என்பது அப்பாவின் மதம். நான் படுத்த கட்டிலே பெட்டிப் பலகைதான். அதில் கறுப்பு மையில் ஒரு குடை, ஒரு கண்ணாடிக் கோப்பை, மேலே பார்க்கும் ஓர் அம்புக்குறி. அம்பு காட்டுகிற பக்கம்தான் தலை வைத்துப் படுக்க வேண்டும் என்று சட்டம். "வெளிநாட்டுக்காரன் சும்மா போடுவானா?" என்பார்.

செவலைக்கு அதுவரை தீனி போட்டவள் புல்லுக்கார அக்கா. கொடுங்கையூர்ப் பக்கம் சாக்கடைத் தண்ணீர் பாய்ந்து வளர்ந்த புல்லை ஈரம் சொட்டச் சொட்டத் தலையில் சுமந்து வருவாள். கட்டை அவிழ்த்தால் பச்சையென்றால் அப்படி ஒரு பச்சை. வாசனையென்றால் அப்படி ஒரு வாசனை. அப்பா சோற்றுத் தட்டோடு வாசலுக்கு ஓடுவார்.

"இன்னாமே இது, கலீஜா கீது! இத்த துன்னுட்டு அது குடுக்கிற பால எவன் குடிப்பான்?"

"ஊரே குடிக்கிது. நீயும் டீயில ஊத்திக் குடிக்கிற," என்பாள் அம்மா.

மழைக்கு முந்தின புழுக்கமான நாட்கள். ஒரு சாயங்காலம் அப்பா தலையில் பெரிய கோணியோடு வந்தார். கொட்டகை நடுவில் கவிழ்த்தார். தங்கம் கொட்டியது மாதிரி இருந்தது. மிஷின் அடிபடாமல் இருக்கப் பெட்டிக்குள் அடைத்து அனுப்பிய வைக்கோல். நம்ம நெல்லு வைக்கோல் மாதிரி வாடி வதங்கி இருக்காது. ஒவ்வொரு தாளும் நீளமாக, தடியாக, பளபளவென்று, உள்ளே ஓட்டையாக இருந்தது. ஊதினால் விசில் வரும். வெயில் வாசனையும் கிரீஸ் வாசனையும் கலந்து அடித்தது. சந்தே கூடிவிட்டது. பக்கத்து வீட்டு அத்தை, மாதா கோயிலுக்குப் போகிறவள், ஒரு தாளை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "சீமை வைக்கோலாம்டி!" நான் ஒரு கைப்பிடி தாளைத் திருடி வைத்துக்கொண்டு ஒரு வாரம் டீயை உறிஞ்சியே குடித்தேன். சந்தில் எனக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

மறுநாள் அப்பா புல்லுக்கார அக்காவை வாசலிலேயே நிறுத்தினார். "இனிமே உன் சாக்கடைப் புல்லு வாணாம். எங்க மாடு கப்பல் சரக்கு துன்னுது."

"என் புல்லு சாக்கடையா? இத்தினி நாளு பாலு இன்னா, பன்னீர்லயா வந்துச்சு? நீயா வந்து உன் வாயால கேக்கிற வரிக்கும் இந்தச் சந்துல என் காலு படாது, பாத்துக்கோ!" கட்டை மறுபடி தலையில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

செவலை முதல் நாள் வைக்கோலை மோந்தது. ஒரு வாய் எடுத்தது. மென்றது, மென்றது, மென்றுகொண்டே அப்பாவைப் பார்த்தது. விருந்தாளி வீட்டில் வேகாத கறி பரிமாறினால் நாம் பார்ப்போமே, அந்தப் பார்வை. கொஞ்சம் தின்றுவிட்டுப் படுத்துவிட்டது. நாளாக நாளாக அந்தக் கொஞ்சமும் குறைந்தது. தொட்டியில் வைக்கோல் காலையில் போட்டது சாயங்காலம் அப்படியே கிடக்கும்.

இங்கேதான் எங்கள் எல்லோருக்கும் மண்டை குழம்பியது. தின்னாத மாட்டுக்கு வயிறு ஒட்ட வேண்டும் இல்லையா? செவலைக்கு வயிறு மத்தளம் மாதிரி உப்பிக்கொண்டு வந்தது. முதுகெலும்பு துருத்துகிறது, இடுப்பு எலும்பில் சட்டையை மாட்டலாம் போல இருக்கிறது, வயிறு மட்டும் கல்யாண வீட்டுச் சமையல்காரர் வயிறு. பால் செம்பில் முன்பு 'சர்ர் சர்ர்' என்று கேட்கும். இப்போது அம்மா எவ்வளவு நீவினாலும் 'டிக்... டிக்...' என்று குழாய் ஒழுகுகிற சத்தம்தான். சாணியோ கட்டியாக, நாராக விழுந்தது. அம்மா தட்டிய வறட்டி அந்த வருஷம் பலகை மாதிரி உறுதியாக இருந்தது. சந்தில் எல்லோரும் பாராட்டினார்கள். மாடு இளைத்தது, வறட்டி பிரமாதம். எதை நினைத்துச் சிரிப்பது, எதை நினைத்து அழுவது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

"அது துன்னவே இல்லய்யா," என்றாள் அம்மா.

"துன்னாத மாட்டுக்கு இம்மாம் பெரிய வயிறு எங்கேர்ந்துமே வந்துச்சு? நாம அசந்தப்போ துன்னுது. வெக்கப்படுது."

"மாடு வெக்கப்படுமா?"

"சீமைத் தீனில்ல? பழக நாளாவும்."

ஒரு நாள் அம்மா, வயிற்றைப் பார்த்து, சினையாக இருக்குமோ என்று கணக்குப் போட்டு மகிழ்ந்தாள். அடுத்த நாள் அந்தக் கணக்கு உதைத்தது. பக்கத்து வீட்டு அத்தை திருஷ்டி என்றாள். சந்தே வந்து வைக்கோலைப் பார்த்தால் கண்ணு படாதா? மிளகாய் சுற்றிப் போட்டாள். அது போதாது என்று கோயிலிலிருந்து மந்திரித்த தண்ணீர் கொண்டு வந்து தெளித்து, அந்தோணியாருக்கு வேண்டிக்கொண்டாள். மிளகாய்ப் புகையில் நாங்கள் எல்லோரும் இருமினோம். செவலை ஒரு தும்மல் போட்டது. மாட்டாஸ்பத்திரி கம்பவுண்டர் வந்து வயிற்றில் தட்டிப் பார்த்து, "ஃபுல்லா கீது. ஓவரா தீனி போடாதீங்க," என்றார். பழுப்பாக ஒரு மருந்தை மூங்கில் குழாயில் ஊற்றிப் புகட்டினார். அதில் பாதியை செவலை அவருடைய வெள்ளைச் சட்டைக்கே திருப்பிக் கொடுத்தது.

கம்பவுண்டர் பேச்சைக் கேட்டு அப்பா தவிட்டையும் புண்ணாக்கையும் குறைத்தார். தவிர, பால் குறைந்தால் தவிடு குறைய வேண்டும் என்பது துறைமுகத்து நியாயம். வேலை செய்யாதவனுக்குக் கூலி உண்டா? தவிடு குறையக் குறைய செவலை வைக்கோலை இன்னும் குறைவாகத் தின்றது. வயிறு அப்படியே நின்றது. பால் இன்னும் இறங்கியது.

அந்தச் சமயத்தில்தான் நான் களத்தில் இறங்கினேன். செவலைக்கு இதைத் தின்னத் தெரியவில்லை, சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை என்பது என் முடிவு. தொட்டி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு கைப்பிடி வைக்கோலை எடுத்து, "பாரு செவலை, இப்பிடி," என்று மென்று காட்டினேன். ரொம்ப நேரம் மென்றும் அது வாயில் கரையவில்லை. கயிற்றை மெல்லுகிற மாதிரி இருந்தது. மாட்டின் முன்னால் மானம் போகக் கூடாதே என்று முழுங்கினேன். செவலை என்னை அனுதாபத்தோடு பார்த்தது. சாயங்காலம் அம்மா கானாங்கெளுத்தி மீன் வறுத்திருந்தாள். நான் தட்டைத் தள்ளிவிட்டேன்.

"வவுறு ரொம்பிக் கீதும்மா."

"இன்னாடா துன்ன?"

"வைக்கோலு."

அப்பா என் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "மத்தளம் மாதிரி கீதே!" என்றார். அம்மா விளக்கெண்ணெய் பாட்டிலை எடுத்தாள். அடுத்து நடந்ததை எழுத வேண்டாம், நீங்களும் சாப்பிடுகிற நேரமாக இருக்கலாம். நான் சொல்ல வந்தது இதுதான். வைக்கோல் தின்ற வயிறு எப்படியிருக்கும் என்பதற்கு உப்பிய சாட்சியாக நான் வீட்டு நடுவில் படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அதே வயிற்றோடு செவலை நின்றது. பெரியவர்கள் இரண்டு வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பொறி தட்டவில்லை. எனக்கும் தட்டவில்லை. எனக்கு வேறு அவசரம்.

டீக்கடைக்காரர் சொல்லிவிட்டார், பால் இப்படியே வந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்வதாக. அம்மா புல்லுக்கார அக்காவைத் தேடிப் போய்க் கெஞ்சினாள். "அவரு வாயால கேக்கட்டும்," என்று ஒரே பேச்சு. அம்மா திரும்பி வந்து அப்பாவிடம் சொன்னாள், "ஒரே ஒரு வாட்டி கேளுய்யா. அவ சொல்றா, அவ கைராசி போனதாலதான் மாடு இப்டி கீதுன்னு."

"கைராசியாவது, காலுராசியாவது! வைக்கோல்ல ஒரு தப்பும் இல்ல. மாட்டுலதான் தப்பு. துன்னத் தெரியாத மாட்ட வெச்சிகினு இன்னா பண்றது? தரகர வரச் சொல்லிட்டேன்."

மாட்டுத் தரகர் எலும்பும் தோலுமான மாடுகளை வாங்குகிறவர். அவரிடம் போன மாடு எங்கே போகும் என்று சந்தில் குழந்தைகளுக்கும் தெரியும். அவர் வந்து வயிற்றைத் தட்டி, "உள்ள கோணி, கயிறு இன்னாவோ கீது மாமு. இது தேறாது," என்று விலையை இறக்கினார். அப்பா தலையாட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டார். அம்மா செவலையைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, நெற்றியில் குங்குமம் வைத்தாள். அப்பாவுக்கு அன்று காலை டீ கொடுக்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. கப்பல் வைக்கோலில் டீ உறிஞ்சிய குற்றத்துக்காக இருக்கலாம்.

தரகர் கயிற்றைப் பிடித்து நடந்தார். பின்னால் அம்மா, அம்மாவுக்குப் பின்னால் நான், எங்களுக்குப் பின்னால் அந்தப் பக்கம் வேலையாகப் போகிறவர் மாதிரி அப்பா. யார்டு வழியாகத்தான் குறுக்கு வழி. கொஞ்ச நாள் முன்னால்தான் மழை தொடங்கியிருந்தது. ஓரத்துத் தண்டவாளங்களுக்கு நடுவில், கருங்கல் ஜல்லி இடுக்கிலெல்லாம், இளம்புல் முளைத்து விரல் நீளத்துக்கு நின்றது. செவலை நின்றது. தலையைக் குனிந்தது. 'பரக்' என்று ஒரு சத்தம். பிறகு 'பரக் பரக் பரக்'. நிமிரவே இல்லை. தரகர் இழுத்தார். செவலை இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது.

தூரத்தில் வேகனைத் தள்ளிக்கொண்டு எஞ்சின் வந்தது. கொடிக்காரர் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தார். "யோவ், மாட்ட இழுய்யா! வண்டி நிக்கிது!"

"எங்க இழுக்கிறது! துன்னாத மாடுன்னு சொல்லி என் தலையில கட்டிட்டாங்க, இது உட்டா தண்டவாளத்தையே துன்னும் போல கீது!" தரகர் அப்படிச் சொல்லும்போதே அவர் முகம் மலர்ந்தது. சாகிற மாட்டு விலைக்குப் பால்மாடு வந்திருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அம்மா ஓடிப் போய்க் கயிற்றைப் பிடித்தாள். "மாட்ட வுடுங்க. துன்னுது. என் மாடு துன்னுது."

"கை மாறிடிச்சு தாயி. இனிமே அது என் மாடு."

இரண்டு பேரும் கயிற்றின் ஆளுக்கொரு இடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். செவலை யாரையும் கவனிக்கவில்லை. எஞ்சின் ஊதியது. அப்பா வாயைப் பிளந்து செவலையைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார், மறுபடி செவலையைப் பார்த்தார். பிறகு தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"வேல செய்யுதுடா! வைக்கோலு வேல செய்யுது!"

தரகர் திரும்பினார். "இன்னா மாமு?"

"கப்பல் வைக்கோலு! மொதல்ல வவுத்தப் புடிக்கும். உள்ள கீற கலீஜ் எல்லாம் நவுத்திட்டு, அப்பறம் பசியக் கெளப்பும். வெளிநாட்டுக்காரன் சும்மா அனுப்புவானா? பாரு, எப்பிடித் துன்னுது பாரு! நான் அவசரப்பட்டு வித்துட்டேனே!"

தரகரின் கொட்டகையில் தின்னாத மாடுகள் வரிசையாக நின்றன. அவர் யோசிப்பது அவர் மீசையில் தெரிந்தது. "நெஜமாவா?"

"உன் கண்ணாலதான பாக்கிற!"

"எவ்ளோ கீது அந்த வைக்கோலு?"

"கொட்டகை ரொம்பக் கீது. ஆனா குடுக்க மாட்டேன்."

கொடிக்காரர் கொடியால் இரண்டு பேர் முதுகிலும் தட்டினார். "பஞ்சாயத்த அந்தாண்ட வெச்சிக்குங்கய்யா!" எஞ்சின் இன்னொரு தரம் ஊதியது. அந்த அவசரத்தில் பேரம் படிந்தது. கொடுத்த பணம் தரகருக்குத் திரும்பும், வைக்கோல் முழுவதும் அவருக்கு, செவலை அம்மாவுக்கு. தரகர் அன்றே கைவண்டி வைத்து ஒரு தாள் விடாமல் அள்ளிக்கொண்டு போனார். நான் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்திருந்த டீ உறிஞ்சியும் போய்விட்டது.

மறுநாள் விடிந்ததும் சந்து முனையில் ஓர் ஊர்வலம். அப்பா தலையில் புல்கட்டு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கண்ணை இறுக்கி மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார். பின்னால் புல்லுக்கார அக்கா வெறுங்கையை வீசிக்கொண்டு. அவளிடம் அப்பா என்ன கேட்டார், எப்படிக் கேட்டார் என்று இன்றுவரை தகவல் இல்லை. "என் கைராசி பாத்தியா?" என்று அவள் சந்து முழுக்கச் சொன்னாள். அந்தோணியார் என்றாள் அத்தை. மருந்து என்றார் கம்பவுண்டர், சட்டைக் கறையை மறந்து. பால் செம்பில் 'சர்ர்' திரும்பி வந்தது. வயிறு வற்றியது, தீனி பெருகியது. அதுவும் எங்களுக்குப் புரியவில்லை.

போன மாதம் நம்ம வாக்கிங் கூட்டத்தில் இருக்கிற ரிட்டயர்டு மாட்டு டாக்டரிடம் இதைக் கேட்டேன். "பஸ் மாதிரிதான்," என்றார். "முத்தின தாளு மாட்டு வயித்துல சீக்கிரம் கரையாது, கீழ எறங்காது. எறங்குறவன் எறங்குனாத்தான ஏறுறவன் ஏறலாம்? வயிறு ஃபுல்லா இருக்கும், ஒடம்புக்கு ஒண்ணும் சேராது. இளம்புல்லு ஏறுன வேகத்துல எறங்கிடும், அதனால மாடு நெறையத் துன்னும். தவிடு, புண்ணாக்கக் கொறச்சீங்களே, அதுதான் அந்த வைக்கோலக் கொஞ்சமாவது கரைச்சிருக்கும்."

"அப்ப எங்கப்பா தரகர்கிட்ட சொன்னது?"

"முழுப் புளுகு."

எனக்கு அதுதான் புரியவில்லை. அது புளுகு என்று அப்பாவுக்குத் தெரியுமா? அம்மாவுக்காக, ஊதுகிற எஞ்சின் முன்னால், ஒரே நொடியில் ஜோடித்த கதையா? இல்லை, கப்பல்காரன் மேல் இருந்த நம்பிக்கையில் மனதாரச் சொன்னதா? அம்மா ஒருமுறை நேராகவே கேட்டாள். "நீ நெஜமாவே நம்புனியா?" அவர், "எத்த?" என்று கேட்டுவிட்டு லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

தரகர் சண்டைக்கு வருவார் என்று நாங்கள் பயந்துகொண்டே இருந்தோம். மார்கழிக் குளிரில் ஒரு நாள் வந்தார். அப்பா பின்வாசலைப் பார்த்தார், எங்கள் வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது.

"மாமு, இன்னும் கெடைக்குமா அந்த வைக்கோலு?"

"உன் மாடுங்க துன்னுதா?"

"எங்க துன்னுது! மோந்துகூடப் பாக்கல. பேஜாராப் போச்சு. அப்பறம் பாத்தா, கிறிஸ்மஸ் வருது, குடில் போடறவங்க இத்தப் பாத்துட்டு வுடவே இல்ல. எல்லாம் ராயபுரத்துக்குப் போயிடிச்சு."

கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அத்தை எங்களை ராயபுரத்துக் கோயிலுக்குக் கூட்டிப் போனாள், அந்தோணியாருக்கு நேர்ந்த மெழுகுவத்தியை ஏற்ற. வாசலில் பெரிய குடில். குழந்தை ஏசுவின் அடியில் எங்கள் வைக்கோல், பளபளவென்று. அத்தை முழந்தாள் போட்டாள். தொட்டிக்கு முன்னால் களிமண்ணில் ஒரு மாடு, வாயை வைக்கோலில் வைத்தபடி.

அப்பா அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் காதோரம் குனிந்து சொன்னார்.

"பாத்தியாமே, துன்னுது."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அத்தை திரும்பி முறைத்தாள். நான் நிமிர்ந்து அப்பாவின் முகத்தைப் பார்த்தேன், சிரிக்கிறாரா என்று. குடிலைச் சுற்றிக் கட்டியிருந்த சிவப்பு, பச்சை பல்புகள் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தன. சரியாகத் தெரியவில்லை.